மாவ்மாவுக்கு இரக்கம் கூடியிருக்கிறதா?

செம்பருத்தி எழுதியது:

'அபோதிகரி டைரீஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் இரண்டு சீசனையும் பார்த்து முடித்தவர்களுக்கான இழை இது. 48ஆம் எபிசோடு வரை எல்லாவற்றையும் திறந்து பேசப்போகிறோம். பாதியில் நிற்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், கதை கெட்டுவிடும்.

2023 அக்டோபரில் முதல் எபிசோடு வந்தபோது, மருந்து தெரிந்த கதாநாயகி மாவ்மாவை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அவள் கணக்குப் பார்த்து நடப்பவள் என்பதுதான். கடத்திக்கொண்டு போய் அந்தப்புரத்தில் விற்றுவிட்டார்கள். அழவில்லை, பழிவாங்கச் சபதம் எடுக்கவில்லை. ஒப்பந்தம் இரண்டு வருடம், துணி துவைத்துக் கழித்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தாள். எழுதப் படிக்கத் தெரிந்ததையே மறைத்தாள். கூலியில் ஒரு பங்கு கடத்தியவர்களுக்குப் போகிறது, அப்புறம் எதற்குப் பெரிய வேலைக்குப் போய் அவர்கள் பையை நிரப்ப வேண்டும் என்பது அவள் வாதம். எவ்வளவு தெளிவு!

2025 ஜூலையில் இரண்டாம் சீசன் முடிகிறபோது அதே பெண், அழிக்கப்படவேண்டிய ஒரு குலத்தின் குழந்தைகள் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறாள். அவர்கள் கண் விழிப்பார்களா மாட்டார்களா என்று அவளுக்கே உறுதியில்லை. அந்தக் குழந்தைகளால் அவளுக்கு ஒரு லாபமும் கிடையாது. மாட்டிக்கொண்டால் தலை போகும்.

இடையில் அவள் மாறியிருக்கிறாள், இரக்கம் கூடியிருக்கிறது என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, முதல் எபிசோடையே நான் எதிர்சாட்சியாக வைக்கிறேன்.

அரசரின் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக நோயில் விழுகின்றன. சாபம் என்கிறார்கள். கூட்டத்தில் நின்று ஒரே ஒரு தடவை பார்க்கிறாள், காரணம் புரிந்துவிடுகிறது: முகத்தில் பூசும் வெள்ளை மாவு. உடனே என்ன செய்கிறாள்? பாவாடைத் துணியைக் கிழித்து, புல்லின் சாற்றால் எழுதி, பூங்கிளையில் கட்டி, கியோகுயோ, லிஹுவா என்ற இரண்டு அரசியர் ஜன்னலிலும் வைக்கிறாள். "இந்தப் பூச்சு விஷம், குழந்தையைத் தொடவிடாதே" என்பதுதான் செய்தி. கியோகுயோ கேட்டுக்கொண்டார், மகள் பிழைத்தாள். லிஹுவா வீட்டில் யாரும் மதிக்கவில்லை, பிள்ளை போய்விட்டது.

எழுத்து தெரியாதது போல நடிக்கும் பணிப்பெண் துணியில் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள். லாபம் பூஜ்யம். யாரும் கேட்கவில்லை, உத்தரவு இல்லை. அவள் கணக்குப் படியே பார்த்தால் வாயை மூடிக்கொண்டு துணி துவைத்திருக்க வேண்டும். ஆக, இரக்கம் முதல் நாளிலேயே முழுசாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நமக்கு அதைப் பார்க்கத் தெரிய இரண்டு சீசன் ஆனது, அவ்வளவுதான்.

ராத்திரிரயில் எழுதியது:

நான் இரண்டு பேருக்கும் எதிர்க்கட்சி.

மாவ்மாவை நகர்த்துவது இரக்கம் இல்லை, ஆர்வம். புதிர் கண்ணில் பட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. முதல் எபிசோடில் அந்தச் சீட்டும் அப்படித்தான், விடை தெரிந்துவிட்டது, எழுதிவிட்டாள். பிறகு கியோகுயோவின் உணவைச் சுவைத்துச் சோதிக்கும் பணிப்பெண்ணாகி, விருந்தில் சூப்பில் விஷம் இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? பயமில்லை, கோபமில்லை, கன்னம் சிவந்து மயங்கி நிற்கிறாள். அந்தக் கிண்ணம் லிஷு என்ற இன்னொரு அரசியை, ஒரு சின்னப் பெண்ணைக் கொல்ல வைத்தது. அந்த நிமிடத்தில் லிஷு அவள் மனசிலேயே இல்லை.

20ஆம் எபிசோடையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனைப் பணிப்பெண் சூய்ரேய் விஷம் குடித்துச் செத்துவிட்டாள் என்று பெட்டியில் வைக்கிறார்கள். அவள் சாகவில்லை, ஊமத்தையும் வேறு சரக்குகளும் சேர்த்த மருந்தால் செத்தது போலக் கிடந்து எழுந்து போயிருக்கிறாள் என்று மாவ்மாவ் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்ததும் வாய்விட்டுச் சிரிக்கிறாள்! ஒரு பெரிய சதியில் பங்குள்ள ஆள் தப்பிவிட்டாள், பலர் உயிர் போயிருக்கக்கூடிய விவகாரம், இவளுக்கு அந்த மருந்தின் பக்குவம் தெரிய வேண்டும். எனக்கு அவள் ரொம்பப் பிடிக்கும், அந்தச் சிரிப்புக்காகவே பிடிக்கும். ஆனால் அதை இரக்கம் என்று அழைக்க மனசு வரவில்லை.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஆர்வம் என்றால் விடை கிடைத்ததும் அடங்கிவிட வேண்டும். சீட்டு எழுதவேண்டிய தேவையே இல்லையே? விடை அவள் தலைக்குள் இருந்தாலே ஆர்வத்துக்குப் போதும். துணியைக் கிழித்தது எதற்காக?

மருந்துப்பெட்டி எழுதியது:

நான் மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன், அதனால் நாலாவது எபிசோடு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் ஒரு விஷயம். அந்த வெள்ளைப் பூச்சு கதைக்காகச் செய்த கற்பனை இல்லை. ஈயவெள்ளை சீனாவிலும் ஜப்பானிலும் நூற்றாண்டுக் கணக்கில் முகத்துக்குப் பூசப்பட்டது. ஜப்பானில் மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோயால் கைக்குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். தாய்மார் பூசும் ஈயப் பூச்சுதான் காரணம் என்று கியோட்டோவைச் சேர்ந்த மருத்துவர் ஹிராய் இகுதாரோ 1920களில்தான் எடுத்துக்காட்டினார். பால் குடிக்கிற குழந்தை தாயின் மார்போடும் கழுத்தோடும் ஒட்டிக் கிடக்கிறது, பூச்சு வாய்க்குள் போகிறது. ஹியூகா நாட்சு இந்த அனிமேயின் மூல நாவலை எழுத ஆரம்பித்தபோது அந்த வரலாறு அவர் நாட்டில் அப்படி ஒன்றும் பழையதில்லை.

இப்போது காட்சிக்கு வருகிறேன். பிள்ளையை இழந்த லிஹுவா படுத்த படுக்கை. அரசர் உத்தரவில் மாவ்மாவ் போகிறாள். அவள் செய்த கஞ்சியை அங்கே உள்ள பணிப்பெண்கள் ஏழை உணவு என்று தள்ளிவிட்டு, நோயாளியால் விழுங்கவே முடியாத நெய்ப்பண்டங்களை வைக்கிறார்கள். இரண்டாம் முறை உள்ளே போகும்போது லிஹுவா முகத்தில் இன்னும் அந்தப் பூச்சு. ஒரு பணிப்பெண் ஒளித்து வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள், அரசி அழகாக இருக்கவேண்டும் என்ற அன்பில்! மாவ்மாவ் அவளைப் பிடித்து அந்த மாவை அவள் தலைமேலேயே கொட்டுகிறாள். தன் பிள்ளையைக் கொன்ற விஷத்தைப் பூசிக்கொள்ள எந்தத் தாய் விரும்புவாள் என்று கத்துகிறாள்.

அந்த அறையில் லிஹுவாவை நேசித்தவள் அந்தப் பணிப்பெண்தான். பாசத்துக்குக் குறைவில்லை. லிஹுவாவைச் சாகடித்துக்கொண்டிருந்ததும் அதே பாசம். ஒரு வார்த்தை இனிமையாகப் பேசாதவள் அறையைத் திறந்து காற்று வரவைத்தாள், கஞ்சியை ஊட்டினாள், ஆவிக்குளியல் ஏற்பாடு செய்தாள், சிறுகச் சிறுக எழுப்பி உட்காரவைத்தாள். என் வேலையில் இந்த இரண்டு வகை ஆட்களையும் தினமும் பார்க்கிறேன். நோயாளி கேட்டார் என்று இனிப்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணீர் விடும் உறவினர் ஒரு வகை. முகம் கொடுத்துப் பேசாமல் அளவைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் நர்ஸ் இன்னொரு வகை. எனக்கு முடியாமல் போனால் பக்கத்தில் யார் வேண்டும் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

அதனால் ஆர்வமா இரக்கமா என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்தில் ஆர்வம் இல்லாதவளின் இரக்கத்தை வைத்துக்கொண்டு லிஹுவா என்ன செய்திருப்பார்?

ராத்திரிரயில் எழுதியது:

அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அது அரசர் உத்தரவு. லிஹுவா இறந்திருந்தால் மாவ்மாவ் கழுத்துக்கும் ஆபத்து. உயிருக்குப் பயந்து செய்த வேலையை இரக்கக் கணக்கில் எழுதலாமா?

மருந்துப்பெட்டி எழுதியது:

உத்தரவு "குணப்படுத்து" என்பதோடு முடிந்துவிட்டது. லிஹுவா தேறிய பிறகு ஒரு பேச்சு வருகிறது, ஞாபகம் இருக்கிறதா? ஏன் என்னை அப்படியே சாக விடவில்லை என்று கேட்கிறார். சாக விருப்பமென்றால் சாப்பிடாமல் இருந்திருக்கலாமே, கஞ்சியைக் குடித்தீர்கள் என்றால் வாழ ஆசை இருக்கிறது என்று பொருள், என்ற தோரணையில் பதில் சொல்கிறாள் மாவ்மாவ்.

துக்கத்தில் இருப்பவரிடம் பேசும் பேச்சா இது என்று தோன்றும். ஆனால் பிள்ளை போன தாய்க்கு, தான் வாழ ஆசைப்படுவதே குற்றம் போல உறுத்தும். "நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், உங்கள் உடம்பு முடிவு செய்துவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் குற்றவுணர்ச்சியிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. இதைச் சொல்லும்படி அரசர் உத்தரவு போடவில்லை.

நாவல்வாசி எழுதியது:

ஃபெங்மிங் பற்றி யாருமே இன்னும் பேசவில்லை. எனக்கு இந்தக் கேள்வியின் முடிச்சே 11ஆம் எபிசோடில் இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். அரசி ஆடுவோவின் மூத்த பணிப்பெண் ஃபெங்மிங். பல வருடம் முன்பு ஆடுவோவின் கைக்குழந்தைக்குத் தேன் கொடுத்தவள் அவள்தான். நல்லது என்று நினைத்துக் கொடுத்தாள், குழந்தை இறந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது. தேன் ஒரு குழந்தைக்கு விஷமாகும் என்பது லிஷுவுக்கும் தெரியும் என்று உணர்ந்ததும், அந்த ரகசியம் ஆடுவோ காதுக்குப் போய்விடும் என்ற பயத்தில் லிஷுவின் சூப்பில் விஷம் வைக்கிறாள்.

மாவ்மாவ் அவளைத் தனியாகப் போய்ப் பார்க்கிறாள். காப்பாற்ற முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அரசியைக் கொல்லப் பார்த்த குற்றம், முடிவு மரணம்தான், அதை மாற்றும் வலு ஒரு பணிப்பெண்ணுக்கு இல்லை. ஆனால் காரணத்தை மாற்றலாம். இரண்டு காரணத்தில் ஒன்றை மறைத்துவிடலாம். நான்கு பெரிய அரசியர் வரிசையில் ஆடுவோவின் இடம் போய்விடக்கூடாது என்பதற்காக மட்டும் செய்ததாக ஒப்புக்கொண்டால், தேன் விஷயம் ஃபெங்மிங்கோடு போய்விடும். குழந்தை எப்படிப் போனது என்பது ஆடுவோவுக்குக் கடைசிவரை தெரியாது. ஃபெங்மிங் அப்படியே செய்தாள். உயிரும் போனது.

இதை எதில் சேர்ப்பீர்கள்? ஒரு உயிரைக் கூடக் காப்பாற்றவில்லை. சட்டத்தை மீறவில்லை, யாருக்காகவும் கெஞ்சவில்லை. ஆனால் ஒரு தாய்க்கும், அவளை உயிராக நேசித்த பணிப்பெண்ணுக்கும் நடுவே இருந்த அன்பை மட்டும் பத்திரமாக எடுத்துக் கொடுத்தாள். கையில் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்து, அதில் குறைந்த கொடுமை எது என்று தேர்ந்தெடுத்தாள். நடைமுறைப் புத்தி இல்லாத ஒருவருக்கு இந்த வழி தெரிந்தே இருக்காது.

மருந்துப்பெட்டி எழுதியது:

தேன் பற்றி ஒரு வார்த்தை, மன்னியுங்கள், விட மனசில்லை. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்துபோகும். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கிக்கொள்ளும். மருத்துவ உலகமே இந்த நோயை 1976இல்தான் அடையாளம் கண்டது. நம் வீடுகளில் சேனை வைக்கிறோம் என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தடவுகிறார்கள், இன்றைக்கும் தடவுகிறார்கள். ஃபெங்மிங்கைப் பார்த்தபோது எனக்கு அவள் கொலைகாரியாகவே தெரியவில்லை, அந்தத் தேனோடு வரும் நம் பாட்டிமார்தான் தெரிந்தார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

செம்பருத்தி எழுதியது:

நாவல்வாசி சொன்ன காட்சியை நானும் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அதிலிருந்தே என் பக்கத்தை விளக்க முயற்சி செய்கிறேன்.

கடைசிபெஞ்ச் தம்பி சொன்னது போல இரக்கம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் முதல் சீசன் முழுக்க அது எப்படி வெளிப்படுகிறது என்று பாருங்கள். சீட்டு எழுதி வைக்கிறாள், பெயர் போடாமல் நழுவிவிடுகிறாள். லிஹுவா தேறியதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறாள். ஃபெங்மிங்குக்கு வழி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறாள். செய்யவேண்டியதைச் செய்கிறாள், பிறகு கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்தப்புரத்தில் உயிரோடு இருக்க அதுதான் வழி என்று அவளுக்குத் தெரியும். கணிகையர் இல்லத்தில் வளர்ந்தவள், யாரோடு ஒட்டினாலும் அந்த ஆள் விலைபோய்விடுவார் என்று பார்த்தே வளர்ந்தவள்.

இரண்டாம் சீசனில் அந்தக் கதவு சரியாக மூட மறுக்கிறது. சக பணிப்பெண் ஷியாவ்லானுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள். முதலில் தின்பண்டம் கொடுத்து வம்புச் செய்தி வாங்கும் ஏற்பாடாக இருந்த பழக்கம் அது. ஷிசுய் என்ற இன்னொரு பணிப்பெண் பூச்சியைத் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்துகொள்கிறாள். மூன்று பேரும் குளியல் அறையில் சுற்றித் திரிகிற காட்சிகளில் மாவ்மாவ் ஒன்றும் கண்டுபிடிப்பதே இல்லை, சும்மா இருக்கிறாள். அவள் சும்மா இருந்ததை முதல் சீசனில் நான் பார்த்த ஞாபகமே இல்லை.

ராத்திரிரயில் எழுதியது:

அதுதான் தோழமை. நட்பு வந்ததை ஒத்துக்கொள்கிறேன். நட்பு வேறு, இரக்கம் வேறு. வேண்டியவர்களிடம் காட்டும் அக்கறையை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். மாவ்மாவ் இளகிவிட்டாள் என்று சொல்ல, அவளுக்கு வேண்டாதவர் ஒருவரைக் காட்டுங்கள்.

வெள்ளிமீன் எழுதியது:

லக்கான்!

யாருமே அவரைத் தொடாமல் போவது ஏன் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அவருடைய பெயரைக் கேட்டாலே மாவ்மாவின் முகம் போகிற போக்கைப் பார்த்து அந்தப்புரத்தை நிர்வகிக்கும் ஜின்ஷி மாதிரி ஆளே பின்வாங்குகிறார். பெற்ற தகப்பன். அவர் வராமல் போனதால் அம்மா ஃபெங்ஷியான் விலை குறைந்து, கண்டவரிடமும் போகவேண்டி வந்து, சிபிலிஸ் பிடித்து, மூக்கு அழுகி, நினைவும் போய்க் கொல்லைப்புற அறையில் கிடக்கிறாள். பித்துப் பிடித்த காலத்தில் தன் விரல் நுனியையும் கைக்குழந்தையின் விரல் நுனியையும் வெட்டி அந்த ஆளுக்கு அனுப்பியவள் அவள். மாவ்மாவின் சுண்டுவிரல் இன்றைக்கும் கோணல்.

சரி, மாவ்மாவ் என்ன செய்கிறாள்? லக்கானைப் பலகை ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, ஏமாற்றி மதுவைக் குடிக்கவைத்து ஜெயிக்கிறாள். தோற்றதற்கு விலை: அந்த இல்லத்திலிருந்து ஒரு கணிகையை விலை கொடுத்து மீட்டுக்கொண்டு போகவேண்டும். காய்ந்த ரோஜா ஒன்றைக் குறிப்பாகக் கொடுக்கிறாள், யாரை என்று சொல்லவில்லை. இன்னொரு கணிகை மெய்மெய் ஜன்னலைத் திறந்துவைக்க, கொல்லைப்புறத்திலிருந்து வரும் பாட்டு அவர் காதில் விழ, ஓடிப்போய் ஃபெங்ஷியானைக் கண்டுபிடிக்கிறார். கேட்ட விலையைக் கொடுத்து மீட்டுக்கொண்டு போகிறார்.

இரண்டு பேருமே மாவ்மாவுக்கு வேண்டாதவர்கள்தானே! ஒருவர் வராத தகப்பன், இன்னொருவர் விரலை வெட்டிய தாய். லக்கான் தவறு செய்யவில்லை என்றுகூட ஜின்ஷியிடம் வாதாடுகிறாள். கணிகை சம்மதிக்காமல் குழந்தை உண்டாகாது, அதற்கு அவர்களிடம் மருந்து இருக்கிறது, அதனால் இதில் அம்மாவுக்கும் பங்கு உண்டு, பிடிக்கவில்லை, ஆனால் வன்மம் இல்லை என்கிறாள். தன் வாழ்க்கையையே ஒரு வழக்கு மாதிரி எடுத்து வைத்து நியாயம் பார்க்கிறாள். இவ்வளவு குளிர்ச்சியாக யோசிக்கத் தெரிந்ததால்தான் அவர்களை மன்னிக்க முடிந்தது. உணர்ச்சிவசப்பட்டிருந்தால் லக்கானுக்கு விஷம்தான் வைத்திருப்பாள், வைக்கவும் தெரிந்தவள்.

அப்புறம் மதில்மேல் அவள் ஆடுகிற ஆட்டம். விலைபோகிற கணிகையை வழியனுப்ப ஆடும் ஆட்டம் அது. அம்மா என்று ஒரு தடவை கூட வாயால் கூப்பிடாதவளுக்காக அங்கே போய் ஆடுகிறாள்.

ராத்திரிரயில் எழுதியது:

லக்கான் நல்ல எடுத்துக்காட்டு, ஏற்கிறேன். ஆனால் இது முதல் சீசன் கடைசி. அப்படியென்றால் கடைசிபெஞ்ச் சொல்வதுதான் சரி, ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 'கூடியிருக்கிறதா' என்ற கேள்விக்கு இது பதில் இல்லையே?

செம்பருத்தி எழுதியது:

இப்போது நீங்கள் சொன்ன அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். என் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

சூய்ரேய் செத்துப் பிழைத்த மருந்து கதையில் இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை, 20ஆம் எபிசோடு. மாவ்மாவுக்கு அது ஒரு அற்புதச் சரக்கு, பக்குவம் தெரிந்தே ஆகவேண்டும், சிரிப்பு தாங்கவில்லை. சூய்ரேய் பிழைத்தாளா, கை கால் சரியாக இருக்கிறதா என்ற கவலை எதுவும் முகத்தில் இல்லை.

இரண்டாம் தடவை, அரசருக்கு எதிராகக் கிளம்பிய ஷி குலத்தின் கோட்டை. கலகம் தோற்கப்போகிறது. குலத்தையே வேரோடு அழிப்பதுதான் அந்த நாட்டுச் சட்டம், குழந்தை குட்டிகளும் தப்பாது. ஷிசுய் என்று பழகியவள்தான் அந்தக் குலத்து மகளான அரசி லோலான் என்று மாவ்மாவுக்குத் தெரிந்தாகிவிட்டது. குழந்தைகளுக்கு அதே மருந்து கொடுக்கப்படுகிறது. வரிசையாகச் செத்துக் கிடக்கிறார்கள். லோலான் போகும்போது அவர்களை மாவ்மாவ் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறாள். ஜின்ஷியிடம் லோலான் கேட்கும் வரம் "ஒருமுறை செத்தவர்களை விட்டுவிடுங்கள்" என்பது.

நச்சுள்ள பேத்தை மீனும் ஊமத்தையும் சேர்ந்த மருந்து எவ்வளவு நம்பமுடியாதது என்று அந்தக் கோட்டையில் மாவ்மாவைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. அளவு கொஞ்சம் கூடினால் சாவு. சரியான அளவிலும் சிலர் விழிப்பதில்லை. விழித்தாலும் முழுசாக விழிப்பார்கள் என்ற உத்தரவாதமில்லை. முன்பு அவளைச் சிரிக்கவைத்த அதே மருந்து, கண்முன் வேலை செய்துகொண்டிருக்கிறது. மருந்துப்பித்து பிடித்தவளுக்கு இதைவிடப் பெரிய பரிசோதனை கிடைக்குமா? அவள் முகத்தில் அந்த மகிழ்ச்சி ஒரு துளிகூட இல்லை. காயத்தோடு, களைப்போடு, பிணங்களின் நடுவே படுத்துக் கிடக்கிறாள், வெளியே போ என்று சொன்னாலும் நகரவில்லை.

சீட்டு எழுதி வைத்துவிட்டு நழுவியவள், மருந்து வேலை செய்யுமா என்று கடைசிவரை பக்கத்திலேயே இருக்கிறாள். இதைத்தான் நான் 'கூடியிருக்கிறது' என்கிறேன். மனசுக்குள் எவ்வளவு இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு நேரம் கூட நிற்கிறாள் என்பதைப் பார்க்கலாம். அது நிச்சயமாகக் கூடியிருக்கிறது.

நாவல்வாசி எழுதியது:

செம்பருத்தி, நல்ல வாதம். ஆனால் ஒரு இடத்தில் கை வைக்கிறேன். குழந்தைகளைக் காப்பாற்றியது லோலான். திட்டம் அவளுடையது, விலை கொடுத்ததும் அவள். அம்மாவைக் கடைசிவரை கூட இருந்து பார்த்து, குலத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கூரையிலிருந்து விழுந்தவள் அவள். ஜின்ஷி கொடுத்த கொண்டை ஊசியை மாவ்மாவிடமிருந்து வாங்கிச் சொருகிக்கொண்டதால் அவள் உயிர் பிழைத்தது வேறு விஷயம். மாவ்மாவ் அந்தத் திட்டத்தில் ஒரு கை, அவ்வளவுதான். அந்த இடத்தின் இரக்கத்தை முழுதாக மாவ்மாவ் கணக்கில் எழுதினால் லோலானுக்குச் செய்யும் அநியாயம்.

செம்பருத்தி எழுதியது:

லோலானுக்கு ஒரு அணுவும் குறைக்க மாட்டேன், இரண்டாம் சீசனே அவளுடையது. ஆனால் எல்லோரையும் ஏமாற்றத் தெரிந்த லோலான், அந்த நாட்டில் இருக்கும் அத்தனை பேரிலும் யாரிடம் குழந்தைகளை ஒப்படைத்தாள் என்று பாருங்கள். மருந்து தெரிந்தவள் சூய்ரேயும்தான். மாவ்மாவோடு சேர்ந்து பூச்சி பிடித்துத் திரிந்த நாட்களில் இவளைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள்.

மருந்துப்பெட்டி எழுதியது:

அந்தக் குழந்தைகளில் கியோவுவுக்கு நேர்ந்ததையும் மறக்கக்கூடாது. அவன் விழித்தான், ஆனால் பழைய நினைவு போய்விட்டது, உடம்பில் ஒரு பக்கம் சரியாக இயங்கவில்லை. மூச்சும் இரத்தஓட்டமும் அடங்கிக் கிடந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்பதை மறைக்காமல் காட்டினார்கள், அதற்காகவே இந்தக் கதைக்கு ஒரு கும்பிடு. வேறு கதையாக இருந்தால் எல்லாக் குழந்தைகளும் சிரித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

அவன் இப்போது சோவு என்ற புதுப் பெயரோடு மாவ்மாவ் இருக்கும் கணிகையர் தெருவில் வளர்கிறான். அந்தப் பிள்ளைக்கு உதவி என்பது ஒரு நாள் வேலை இல்லை. கையைக் காலைப் பழக்கவேண்டும், வருடக்கணக்கில்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

சரி, 'கூட நிற்கிறாள்' என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் அக்கா பக்கம் கனமாக இருக்கிறது. ஆனால் நான் காரணத்தை வேறு இடத்தில் தேடுவேன்.

முதல் சீசனில் அவளால் கூட நிற்க முடியாது. துணி துவைக்க வந்த பணிப்பெண். எந்த அறையிலும் இருக்கும் உரிமை இல்லை. லிஹுவா வீட்டில் அவள் செய்த கஞ்சியைக் கொட்டினார்கள், ஜின்ஷி வந்து நின்ற பிறகுதான் உள்ளே நுழையவே முடிந்தது. கோட்டையில் அவள் வாய்திறந்தால் படைவீரன் லிஹாக்கு கேட்கிறான், ஜின்ஷி கேட்கிறார், படைத்தளபதி லக்கானின் மகள் என்று படையே ஒதுங்கி நிற்கிறது. அதிகாரம் கொஞ்சம் கைக்கு வந்ததும் உள்ளே இருந்த இரக்கத்துக்கு இடம் கிடைத்தது. அதே அதிகாரம் முதல் எபிசோடிலேயே இருந்திருந்தால் லிஹுவாவின் மகனையும் காப்பாற்றியிருப்பாள்.

ராத்திரிரயில் எழுதியது:

இதை என்னால் ஏற்க முடிகிறது. கூடவே ஒன்று சேர்க்கிறேன். அவள் இன்றைக்கும் கோரோசனை (மாட்டின் பித்தக்கல், அரிய மருந்து) என்று சொன்னால் கண் விரிகிறாள். சடங்கு நடந்த இடத்தில் தூண் விழப்போகிறது என்று கண்டுபிடித்து, காவலனிடம் அடிவாங்கி, காலைக் கிழித்துக்கொண்டு ஜின்ஷியைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றினாளே, மயங்கும் முன் வாயில் வந்தது கோரோசனைப் பேச்சுதான். யாரைக் காப்பாற்ற ஓடுகிறோம் என்றே தெரியாமல் ஓடினாள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறது. கோட்டையில் பாம்புகளும் பூச்சிகளும் நிறைந்த குழியில் தள்ளினார்கள், பாம்பைச் சுட்டுத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்! இரக்கம் வந்ததால் அந்தப் பெண் காணாமல் போய்விட்டாள் என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்கு வருவேன்.

வெள்ளிமீன் எழுதியது:

மாவ்மாவின் வளர்ப்புத் தந்தை லுவோமெனைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கடைசி எபிசோடு முடிந்ததும் முதலில் தோன்றியது அவர்தான். அந்தப்புரத்தில் மருத்துவராக இருந்து, தண்டனையாக முழங்கால் எலும்பை எடுத்துவிட்டுத் துரத்தப்பட்டவர். ஒன்றுமில்லாமல் வெளியே வந்தவர், கணிகையர் தெருவில் யாருக்கும் வேண்டாத ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தார். ஊகத்தை வைத்துப் பேசாதே, பிணத்தைத் தொடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மாவ்மாவின் எச்சரிக்கை முழுக்க அவரிடமிருந்து வந்தது. 'இரக்கம் காட்டு' என்று அவர் அறிவுரை சொன்னதாக எனக்கு ஒரு காட்சியும் நினைவில்லை. வளர்த்தார், அவ்வளவுதான், அதை அவள் தினமும் பார்த்தாள்.

அவள் கோட்டையில் செய்தது அவர் சொன்ன இரண்டையுமே மீறிய காரியம். பிணங்கள் நடுவே படுத்தாள். பிழைப்பார்கள் என்ற வெறும் ஊகத்தை நம்பி உட்கார்ந்திருந்தாள். அவர் பேச்சை மீறி, அவர் செய்ததைச் செய்திருக்கிறாள். கடைசிபெஞ்ச் சொல்வது போல அதிகாரம் மட்டும்தான் காரணம் என்றால் இந்த மீறலை விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

பிணத்தைத் தொடாதே என்று லுவோமென் சொன்னது, தொட்டால் அதையும் மருந்தாக்கிப் பார்க்கத் துடிப்பாள் என்ற பயத்தில். இந்தத் தடவை அவள் பிணமாகவே அவர்களைப் பார்க்கவில்லையே. அதனால் மீறல் என்று சொல்ல மாட்டேன். மற்றபடி லுவோமென் விஷயத்தில் உங்களோடு இருக்கிறேன்.